செயலியா, நோட்டா, கிண்ணமா? எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் சாப்பாட்டுக் கணக்கு

ஆடி ஒன்றாம் தேதி ராத்திரி ஒன்பதரை மணிக்கு அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு போன். தூரத்துச் சொந்தம், என்னைவிடச் சின்னவள். எடை குறைக்க வயிற்றைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து அவளுக்கு நாலாவது மாதம். "அக்கா, சுட்ட தேங்காயை ஆப்ல எப்படிப் போடறது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆடி பிறக்கும் அன்று எங்கள் பக்கம் தேங்காயின் கண்ணைத் துளைத்து, உள்ளே வெல்லம், அவல், பொட்டுக்கடலை, எள், பாசிப்பருப்பு எல்லாம் போட்டு, குச்சியில் செருகித் தெருவில் தீ மூட்டிச் சுடுவோம். அதில் அவள் சாப்பிட்டது இரண்டு ஸ்பூன். சாப்பிட்டதைப் பதிந்து வைக்கும் செயலியில் தேடினால் தேங்காய்ச் சட்னி வருகிறது, தேங்காய் பர்பி வருகிறது, சுட்ட தேங்காய் வரவில்லை. பர்பி என்று போட்டாள். சிவப்புக் கோடு காட்டியது. அழித்துவிட்டுச் சட்னி என்று போட்டாள். பொய் எழுதினதுபோல் இருந்ததாம். கடைசியில் ராத்திரிக்கு எதுவுமே வேண்டாம் என்று படுத்துவிட்டாள்.

அன்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டாள் என்று வாயால் கேட்டுக் கூட்டிப் பார்த்தேன். புரதம் 30 கிராமைத் தாண்டவில்லை. செயலி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு ஸ்பூன் தேங்காய்க்குத்தான் அத்தனை சத்தம்.

எனக்கு ஆபரேஷன் ஆகி ஐந்து வருடம் முடிந்துவிட்டது. அதிலிருந்து எதில் எழுதுவது, எவ்வளவு நாள் எழுதுவது, எழுதத்தான் வேண்டுமா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். நான் டாக்டர் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் வீட்டில் கணக்குப் பார்க்கிறவள். கணக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்பது கொஞ்சம் தெரியும். இந்த ஐந்து வருடத்தில் கீழே வரும் எல்லா வழியையும் நானே நடந்து பார்த்திருக்கிறேன்.

## முதலில், எதற்காக எழுதுகிறோம்?

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்கை, சில சமயம் அதற்கு மேலும், வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல நீளமான ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டிப் போன அந்த மேல்பகுதியில்தான். அதனால் முதல் பல மாதம் நிறையப் பேருக்குப் பசியே தெரியாது. பைபாஸ் என்ற இன்னொரு வகை ஆபரேஷனில் சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு சின்னப் பை மட்டும் வைத்து, அதை நேராகக் கீழே சிறுகுடலில் இணைக்கிறார்கள். சத்தை உறிஞ்சும் இடம் கொஞ்சம் தாண்டிப் போய்விடுகிறது. (இது வயிற்று பைபாஸ். சேலத்தில் பைபாஸ் என்றால் ஒன்று இதயம், இல்லாவிட்டால் கொண்டலாம்பட்டி ரோடு. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.)

சின்ன வயிறு, அதுவும் பசிக்காத வயிறு. இதில் முதல் வருடம் வருகிற ஆபத்து அதிகமாகச் சாப்பிடுவது அல்ல, வேண்டியது உள்ளே போகாமல் இருப்பது. பொதுவாகச் சொல்லும் அளவு: புரதம் நாளுக்குக் குறைந்தது 60 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல், அதோடு மல்டிவைட்டமின், பி12, கால்சியம், இரும்பு, வைட்டமின் டி. கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உங்கள் டாக்டர் வேறு அளவு எழுதிக் கொடுத்திருந்தால் அதுதான் உங்களுக்குச் சரி. சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவே மாறும்.

ஆக, இது அடிப்படையில் ஒரு வரவுக் கணக்கு. வரவேண்டியது வந்ததா என்று பார்ப்பதற்காக எழுதுவது. அதே கணக்கு, "நீ என்ன தப்பு செய்தாய்" என்று பிடிக்கும் கணக்காக எப்போது மாறுகிறதோ அப்போதுதான் அம்மாப்பேட்டைப் பெண்ணுக்கு நடந்தது நடக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை நான் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

புரதம், தண்ணீர், மாத்திரை மூன்றும் எட்டியதா என்று அந்த வழி சொல்கிறதா? நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு, அதாவது பெயரில்லாத குழம்புக்கும் ரசத்துக்கும், அது ஒத்துவருகிறதா? ஒரு நாளில் எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது? டாக்டரோ டயட்டீஷியனோ பார்த்தால் இரண்டு நிமிடத்தில் அவர்களுக்கு ஏதாவது விளங்குமா?

ஐந்தாவதுதான் முக்கியம். ஒரு வேளைச் சாப்பாட்டை எழுதி முடித்தவுடன் மனசு லேசாகிறதா, கனக்கிறதா? முதல் நாலிலும் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு இதில் தோற்கிற வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## வழி 1: போனில் செயலி

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூட்டல் கழித்தல் நம் தலையில் இல்லை. புரோட்டீன் பவுடர், பாக்கெட் தயிர், பனீர் போன்று உறையில் அளவு அச்சிட்ட பொருளுக்குச் செயலியை மிஞ்சி ஒன்றும் கிடையாது. முதல் மூன்று மாதம், புரதத்தில் பாதி பவுடரிலிருந்து வரும் காலத்தில், "இன்றைக்கு 42, இன்னும் 18 வேண்டும்" என்று சாயங்காலம் ஐந்து மணிக்கே காட்டுவது பெரிய உதவி. இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை இன்னும் நிற்காதவர்கள் எண்ணோடு எழுதுவது நல்லது. சாப்பாடு இவ்வளவு குறைந்த பிறகு பழைய டோஸே தொடர்ந்தால் சர்க்கரை சரேலென்று இறங்கும். டோஸை மாற்ற டாக்டருக்கு எண் வேண்டும்.

இனி குறை. சாம்பார் என்று தேடிப் பாருங்கள். முப்பது சாம்பார் வரும், முப்பதுக்கும் வெவ்வேறு கலோரி. எங்கள் அத்தை வைக்கும் சாம்பாரில் திங்கட்கிழமை பருப்பு கெட்டியாக இருக்கும், புதன்கிழமை விருந்தாளி வந்தால் தண்ணீராக ஓடும். அதில் எதைத் தேர்ந்தெடுப்பது? பல செயலிகள் காட்டும் தினசரி இலக்கு, முழு வயிறு உள்ளவருக்காக உயரம், எடை, வயது வைத்துப் போட்டது. ஆபரேஷன் ஆனவருக்கு அது பொருந்தாது. நாமே உள்ளே போய் இலக்கை மாற்ற வேண்டும். முடிந்தால் கலோரியை மறைத்துவிட்டுப் புரதத்தை மட்டும் முன்னால் வைக்க வேண்டும். இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் கொலுசு நிறுக்கும் தராசு, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் காட்டும். ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் மாதம், அதை ராத்திரியில் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு இட்லி: 41.36 கிராம். செயலியில் ஒரு இட்லி 40 கிராம் என்று இருந்தது. அந்த 1.36 கிராமை நகத்தால் கிள்ளி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். ஈரம் தராசுத் தட்டில் ஒட்டியதால் எண் திரும்ப மாறியது. துடைத்தேன். மறுபடி வைத்தேன். இட்லி ஆறி விறைத்துப்போனது. வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சேதாரம் போடாம எந்தக் கணக்கு நின்னிருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பட்டறைத் தரையைக் கூட்டிய மண்ணிலிருந்துகூட வெள்ளி எடுக்கிற குடும்பம் இது. அப்படியும் ஒவ்வொரு உருப்படிக்கும் சேதாரம் என்று ஒன்றை முன்கூட்டியே எழுதித்தான் வைப்போம். சாப்பாட்டுக்கு மட்டும் நான் அதைக்கூட விடவில்லை. மறுநாளே தராசு பட்டறைக்குத் திரும்பிவிட்டது. செயலி இன்னும் ஒரு மாதம் இருந்தது.

மறைவான செலவு என்று பார்த்தால், இலவசம் என்று ஆரம்பித்து, நாலு நாளில் கோச் வேண்டுமா, பிளான் வேண்டுமா என்று போன் வரும். நம் எடை, மாத்திரை, மாதவிலக்கு எல்லாம் யாருடைய கணினியிலோ போய் உட்காரும். "தொடர்ந்து 46 நாள் எழுதினீர்கள்" என்று பதக்கம் காட்டும். 47-ஆம் நாள் மறந்தால் ஏதோ குற்றம் செய்ததுபோல் தோன்றும். நடந்தால் "இன்னும் 200 கலோரி சாப்பிடலாம்" என்று சலுகை கொடுக்கும் செயலிகளும் உண்டு. நடந்துதான் சாப்பாட்டைச் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணம் ஏற்கெனவே பயந்த மனசில் விழுந்தால் எடுப்பது கஷ்டம்.

யாருக்குச் சரி: முதல் மூன்று மாதத்துக்கு, புரதம் எட்டுகிறதா என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு, சர்க்கரை மருந்து ஓடுபவர்களுக்கு, எண்ணைப் பார்த்தால் மனசு அடங்குகிற ரகத்தினருக்கு. அப்படியும் ஒரு ரகம் உண்டு, என் நாத்தனார் அப்படித்தான்.

## வழி 2: நோட்டு

80 பக்க நோட்டு ஒன்று, ஒரு பேனா. நேரம், என்ன சாப்பாடு, எத்தனை ஸ்பூன், எப்படி இறங்கியது. கடைசிக் கட்டம்தான் நோட்டின் உயிர். செயலிக்கு "நெஞ்சுக்குழியில் நின்றது" என்பது தெரியாது, "வாயில் நுரை நுரையாக வந்தது" தெரியாது, "பசி இல்லை, மாமியார் மேல் கோபம்" என்பது தெரியவே தெரியாது.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார் என் பெரியப்பா மகன். அவருக்கு வயிற்று பைபாஸ். ஞாயிறுதோறும் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்குவார். பாதி மலையில் வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். கீழே வரும் அந்த 20 ஹேர்பின் வளைவுதான் காரணம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர், பைபாஸ் என்று கேட்டதும் இதயத்துக்குச் செய்ததாக எண்ணிப் பதறிவிட்டாராம். கொஞ்ச நாளில் பயம் பஸ்ஸை விட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டது. "எதைச் சாப்பிட்டாலும் அப்படி ஆயிடுமோ" என்று வேலை நாளில்கூட மதியம் வரை வெறும் வயிறு.

நான் நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நாலு வாரம் எழுதினார். இரண்டு ஞாயிறு வந்தது, இரண்டு ஞாயிறு வரவில்லை. வளைவு நாலு ஞாயிறும் அதே 20தான். வந்த இரண்டு நாளிலும், பஸ் ஏறும் முன் ஸ்டாண்டில் நிறையச் சர்க்கரை போட்ட ஒரு காபி, அதில் தொட்டு ஒரு இனிப்பு பன். மற்ற இரண்டு நாளில் வீட்டிலேயே முட்டை சாப்பிட்டு வந்திருக்கிறார். டாக்டரிடம் நோட்டைக் காட்டியதும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார், டம்பிங். இனிப்பு தடையில்லாமல் சிறுகுடலுக்குள் வேகமாக இறங்கினால், பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் இப்படி ஆகும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, ரத்தத்தில் சர்க்கரை இறங்கி வரும். பைபாஸில் அதிகம், ஸ்லீவிலும் வரலாம். பன்னும் சர்க்கரையும் போயின, பயமும் பெரும்பகுதி போனது. இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு இறங்குகிறார்.

நோட்டின் குறை: ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் அது கணக்கு அல்ல, கதை. மதியம் கொறித்த முறுக்கு அதில் இருக்காது. கூட்டல் நாம்தான் போட வேண்டும். டாக்டருக்கு 80 பக்கம் படிக்க நேரமில்லை, ஒரு பக்கத்தில் சுருக்கி எடுத்துப் போக வேண்டும். வீட்டில் மற்றவர்கள் எடுத்துப் படிப்பது இன்னொரு தொல்லை. எங்கள் அத்தை என் நோட்டைப் படித்துவிட்டு, "ஏம்மா, என் கொழம்பு நெஞ்சுல நின்னுச்சுன்னு எழுதி வெச்சிருக்கே" என்று இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் பட்டறைக் கணக்கோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்ட ஆரம்பித்தேன்.

யாருக்குச் சரி: எது ஒத்துக்கொள்கிறது, எது இல்லை என்று தெரியாதவர்களுக்கு. சாப்பாட்டைக் கண்டாலே வாந்தி வருமோ, அடைக்குமோ என்று பயப்படுகிறவர்களுக்கு. மசித்த உணவிலிருந்து மென்மையானதற்கும், அதிலிருந்து சாதாரணச் சாப்பாட்டுக்கும் மாறுகிற வாரங்களுக்கு.

## வழி 3: போட்டோ எடுத்து அனுப்புவது

சாப்பிடும் முன் ஒரு படம், முடித்த பின் ஒரு படம், வாட்ஸ்அப்பில் டயட்டீஷியனுக்கு. பத்து விநாடி வேலை. கல்யாண வீட்டுக்கு இதைவிடச் சுலபம் இல்லை, இலையில் எதைத் தொட்டோம், எதை ஒதுக்கினோம் என்று படமே சொல்லும்.

ஆனால் சாம்பார்க் கிண்ணத்தின் அடியில் பருப்பு இருக்கிறதா என்று படத்தில் தெரியாது. போட்டோவுக்குள் வராத மிக்சர் ஒன்று எல்லார் வீட்டிலும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பக்கம் பார்க்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது இது. நிதானமாகப் பதில் சொல்கிறவர் கிடைத்தால் பாதிப் பயம் கரையும். ஒரு தோழிக்கு அவளுடைய ஆலோசகரிடமிருந்து தட்டு வடை செட் (இரண்டு தட்டைக்கு நடுவே சட்னியும் துருவிய காயும்) படத்துக்கு ஒற்றை அழுகைப் பொம்மை மட்டும் பதிலாக வந்தது. அதற்குப் பிறகு தட்டு வடையை அவள் விடவில்லை, படம் எடுப்பதைத்தான் விட்டாள். ஆபரேஷன் பேக்கேஜில் இந்தச் சேவை எத்தனை மாதத்துக்கு, அப்புறம் எவ்வளவு என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 4: கிண்ணமும் முட்டைக் கணக்கும்

நான் கடைசியாக வந்து நின்ற இடம் இது. அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம், கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஒரே ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். என்னுடையது தண்ணீர் ஊற்றி அளந்தால் 150 மில்லி. ஒரு வேளைக்கு அது ஒன்றுதான். அதில் முதலில் புரதம், பிறகு காய், இடம் மிஞ்சினால் சாதமோ இட்லியோ. இருபதிலிருந்து முப்பது நிமிடம் மென்று சாப்பிடுவது. சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். முதல் அறிகுறி வந்ததும் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவது. எனக்கு அது ஒரு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர் வரும், சிலருக்குப் பெருமூச்சு. ஆளுக்கு ஆள் மாறும், இரண்டு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

புரதத்துக்குக் கிராம் கிடையாது, முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 60 கிராம் என்றால் பத்து முட்டை அளவு. பத்து முட்டை சாப்பிடச் சொல்லவில்லை, அதற்கு ஈடாக எதுவும்.

| ஒரு முட்டைக்கு ஈடு (தோராயமாக) | அளவு |
|---|---|
| பால் | 200 மில்லி |
| தயிர் | 200 கிராம் |
| பனீர் | 30 கிராம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு |
| வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் | 70 கிராம், கிண்ணத்தில் பாதிக்கு மேல் |
| வேகவைத்த கோழி | 20 முதல் 25 கிராம், இரண்டு சின்னத் துண்டு |
| வேர்க்கடலை | 25 கிராம், ஒரு கைப்பிடி |
| சோயா உருண்டை, காய்ந்தது | 12 கிராம் |
| இட்லி | மூன்று |
| ஜவ்வரிசி | எவ்வளவு சாப்பிட்டாலும் கணக்கில் வராது |

கடைசி வரிக்குச் சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜவ்வரிசி நம் ஊர்ப் பிழைப்பு, ஆனால் அது மரவள்ளி மாவுச்சத்து, அவ்வளவுதான். இட்லி வரியையும் ஒரு தடவை பாருங்கள். இட்லியை மட்டும் நம்பி இந்த வயிற்றில் பத்து முட்டையை எட்ட முடியாது.

சமையலறைச் சுவரில் காலண்டர் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு. முட்டைக்குப் பத்துக் கோடு, தண்ணீருக்கு 250 மில்லி டம்ளர் ஆறு கோடு, மாத்திரைக்கு மூன்று. சாப்பிடச் சாப்பிட அடித்துவிடுவேன். எழுத ஒரு நிமிடம் ஆகாது. எட்டு முட்டையில் நின்ற நாளும் உண்டு. மறுநாள் காலையில் சுண்டலோ பாலோ கொஞ்சம் முன்னால் நிற்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இதன் மறைவான செலவு மெதுவாகத் தெரியும். இரண்டாம் வருடம் கிண்ணம் கோபுரமாகும். கிண்ணத்தில் உட்காராத பொருளும் கணக்கில் வராது: டீயோடு இரண்டு தட்டை, சாயங்காலம் நொறுக்கல், ஐஸ்கிரீம், மில்க் ஷேக். மென்மையாகவும் திரவமாகவும் இருப்பது இந்தச் சின்ன வயிற்றில் தங்காமல் வழுக்கிக்கொண்டு போகும், நிறைந்த உணர்வே தராது. எடை திரும்ப ஏறுவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். எனக்கும் மூன்றாம் வருடம் நாலு கிலோ ஏறியது. மிகக் குறைந்த எடையைத் தொட்ட பிறகு கொஞ்சம் ஏறுவது சகஜம் என்று டாக்டர் சொன்னார், ஆனாலும் தட்டையின் பங்கு எனக்குத் தெரியும். அப்போது நோட்டை மூன்று வாரம் மட்டும் திரும்ப எடுத்தேன். தட்டை எந்த நேரத்தில் வருகிறது என்று தெரிந்தது: பட்டறை ஆட்களுக்கு டீ போகும் நாலரை மணி. அந்த நேரத்துக்குச் சுண்டல் வைத்தேன். நோட்டு மறுபடி பீரோவுக்குள் போனது.

யாருக்குச் சரி: ஆறு மாதம் தாண்டி, எது ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்துகொண்டவர்களுக்கு. எண்ணைக் கண்டால் பதறுகிறவர்களுக்கு எந்த மாதத்திலும்.

## வழி 5: எதுவும் எழுதாமல் இருப்பது

இதுவும் ஒரு வழிதான், சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட வேண்டாம். எழுதுவதே நோயாகிவிட்டவர்களுக்கு, டாக்டர் சொல்லி, ஒரு காலத்துக்கு எல்லாவற்றையும் மூடி வைப்பதுதான் மருந்து. ஆனால் அதன் விலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பி12 குறைந்தால் உடனே தெரியாது. உடம்பில் சேமிப்பு இருப்பதால் வருடக்கணக்கில் ஓடி, பிறகு ஒரு நாள் பாதம் மரத்துப் போகும். எனவே எழுதாதவர்கள் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. முதல் வருடத்தில் டாக்டர் சொல்லும் இடைவெளியில், அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுசு முழுக்க. மாத்திரைக்கும் விடுமுறை கிடையாது.

## பயம் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

எந்த வழி என்று இன்னும் தடுமாறினால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பூன் வாய்க்குப் போகும் முன் வரும் பயம், "அடைக்குமோ, வாந்தி வருமோ, தையல் பிரியுமோ" என்பது. நாகலூர் அண்ணனுக்கு இருந்தது அது. அதற்குத் தகவல்தான் மருந்து, நோட்டு சரியாக வரும். ஸ்பூனைக் கீழே வைத்த பிறகு வரும் பயம் வேறு: "ஏறிடுமோ, பழையபடி ஆயிடுவேனோ, இவ்வளவு செலவழிச்சும் தோத்துட்டேனோ." அதற்கு எண் கொடுப்பது, எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. கலோரி காட்டும் செயலியை அவர்கள் முதல் வேலையாக நீக்கிவிடலாம்.

எடை மெஷினும் இதில் சேரும். ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம் வாக்கில் எடை சில நாள் அசையாமல் நிற்பது நிறையப் பேருக்கு நடக்கிறது. தினம் மூன்று தடவை ஏறி இறங்குகிறவருக்கு அந்த வாரம் நரகம். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், போதும். மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வையுங்கள்.

சில விஷயங்கள் எந்த வழியாலும் தீராது. கணக்கில் வராது என்பதற்காக விசேஷ வீடுகளையே தவிர்ப்பது, ஒரு வேளை கூடிவிட்டது என்று அடுத்த இரண்டு வேளையைப் பட்டினி போடுவது, மென்று துப்புவது, வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, ஒளித்துச் சாப்பிடுவது, நிறுத்தவே முடியாமல் கொறித்துக்கொண்டே இருப்பது. இவை மன உறுதிக் குறைவு அல்ல, மனநல மருத்துவர் பார்க்க வேண்டியவை. ஆபரேஷன் செய்த டாக்டரிடமே சொல்லலாம், அவருக்கு இது புதிது இல்லை. ராத்திரி நேரத்தில் யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

இன்னொன்று, தனியாகச் சொல்ல வேண்டியது. தானாக வரும் வாந்தி இரண்டு மூன்று நாள் நிற்காமல் போனால் அது பயமா, கணக்கா என்று ஆராயாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். தண்ணீர் வற்றுவது ஒரு பக்கம், தயமின் என்ற வைட்டமின் பி1 வேகமாகத் தீர்ந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும்.

அம்மாப்பேட்டைப் பெண்ணுக்கு இருந்தது பின்னால் வரும் பயம், ஆனால் நாலாவது மாதம் என்பதால் புரதத்தை அப்படியே விடவும் முடியாது. அன்று ராத்திரி போனிலேயே அவளை எழுப்பி ஒரு டம்ளர் பால் குடிக்க வைத்தேன். மறுநாள் செயலியை நீக்கினாள். காலண்டர் பக்கத்தில் சீட்டு, ஒரு கிண்ணம், அதோடு டயட்டீஷியனிடம் மாதம் ஒரு தடவை நேரில் போவது என்று பேசிவைத்தோம். "எழுதியே ஆகணும்னு கை அரிச்சா?" என்று கேட்டாள். அரித்தால் நோட்டில் எழுது கண்ணு, ஆனால் பெயரை மட்டும் எழுது, எண் வேண்டாம் என்றேன்.

கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். கையில் பொரிப் பொட்டலம். நோட்டு எழுதுகிறாயா என்று கேட்டதற்குப் போனை எடுத்து முந்தின நாள் பக்கத்தைப் படம் காட்டினாள். முட்டை ஏழரை என்று மேலே கோடு. கீழே அவள் கையெழுத்தில்: கூழ் அரை டம்ளர், மெதுவா இறங்கிச்சு. பொரி ஒரு கை, தம்பி பொட்டலத்துல இருந்து பிடுங்கினது.